அம்மாவுக்குத் தாதர் ஸ்டேஷன் ஞாபகம் இருக்கிறது, காலை மாத்திரை ஞாபகம் இல்லை!

நினைவைப் பற்றி மனதில் இருக்கும் கேள்வியை எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். சயான், தாராவி, செம்பூர், டோம்பிவ்லி என்று மும்பையிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கல்லூரியில் உளவியல் பாடம் எடுத்த காலத்தில் மாணவர்கள் கேட்டவற்றைவிட இவை கனமான கேள்விகள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் பகுதியின் பெயரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. பாளையங்கோட்டையில் பிறந்தவர், 1967-ல் கல்யாணமாகி இங்கே வந்தார். அன்றைக்குத் தாதர் ஸ்டேஷனில் யார் யார் அழைக்க வந்திருந்தார்கள், அத்தை என்ன கலர் சேலை கட்டியிருந்தார் என்பதுவரை சொல்கிறார். ஆனால் காலையில் மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால் தெரியவில்லை. இரண்டு தடவை இன்னொரு முறை போட்டுக்கொண்டுவிட்டார். "அம்மா வேணும்னே பண்றாங்க, வேண்டியது மட்டும் ஞாபகம் இருக்கு" என்கிறான் என் தம்பி. அப்படி இருக்குமா மேடம்?
– சயான் கோலிவாடா வாசகர்

பதில்: இருக்காது. முதலில் இதைத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். மறந்துபோன மாதிரி நடிக்க வேண்டுமானால், எதை மறந்ததாகக் காட்டினோம் என்பதை அடுத்த நாளும் நினைவில் வைத்திருந்து அதன்படி நடக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இப்போது சிரமமாகியிருப்பது அந்த வேலைதானே?

1967 ஞாபகம் இருப்பவருக்கு இன்று காலை ஏன் இல்லை என்பது நியாயமான சந்தேகம். அதற்கு விடை அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் 1953-ல் நடந்த ஓர் அறுவைச் சிகிச்சையிலிருந்து கிடைத்தது. ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய். அதை நிறுத்துவதற்காக வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் மூளையின் இரண்டு பக்கமும், ஏறக்குறைய காதுக்கு நேர் உள்ளே இருக்கும் பகுதியை எடுத்துவிட்டார். கடற்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் ஹிப்போகாம்பஸ் என்று பெயர் பெற்ற உறுப்பின் பெரிய பகுதியும் அதோடு போய்விட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிதாக நடந்த எதுவும் அவருக்குத் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் வருஷக்கணக்கில் அவரைப் பார்க்கப் போனார், ஒவ்வொரு தடவையும் முதல் சந்திப்பு மாதிரிதான் இருந்தது. சிறுவயது விஷயங்கள் பலவும் அவருக்குத் தெரிந்தன, பேச்சில் குறை இல்லை, புத்திக்கூர்மையும் குறையவில்லை. 2008-ல் அவர் இறக்கும்வரை உலகம் அவரை எச்.எம். என்ற இரண்டு எழுத்தாக மட்டுமே அறிந்திருந்தது.

இதிலிருந்து புரிந்தது என்னவென்றால், இன்று நடப்பதை நீண்ட கால நினைவாகப் பதிய வைப்பதற்கு ஹிப்போகாம்பஸ் வேண்டும், ஆனால் பதிந்து, பல வருஷம் திரும்பத் திரும்ப நினைக்கப்பட்டு ஊறிப்போனவை மூளையின் மேற்பரப்பு முழுக்கப் பரவிவிடுகின்றன, அவற்றை எடுக்க அந்த வாசலை அவ்வளவாக நம்பியிருக்க வேண்டியதில்லை. தாதர் ஸ்டேஷன் கதையை உங்கள் அம்மா இந்த 58 வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! இன்று காலை மாத்திரைக்கு அந்த வாய்ப்பே வரவில்லை. புதியது முதலில் போகும், பழையது கடைசியில்தான் போகும் என்பதை பிரான்ஸ் நாட்டு உளவியலாளர் ரிபோ 1881-லேயே எழுதி வைத்தார்.

இன்னொன்றும் பாருங்கள். அம்மா இன்னும் கோலம் போடுகிறாரா? போடுவார் என்றே நினைக்கிறேன். மொலைசனிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு அதன் ஓரமாகக் கோடு இழுக்கச் சொன்னார் மில்னர். மூன்று நாள் பயிற்சியில் கை நன்றாகப் பழகிவிட்டது, ஆனால் அந்தப் படத்தை முன்பு பார்த்ததாகவே அவருக்கு நினைவில்லை. கை பழகுவதற்கு மூளையில் வேறு வழி இருக்கிறது. அதேபோல, தனக்கு நடந்த ஒரு சம்பவத்தை நினைப்பதும் ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்திருப்பதும் வேறு வேறு நினைவுகள் என்று 1972-ல் எண்டல் டல்விங் பிரித்துக் காட்டினார். 'காலையில் மாத்திரை போட வேண்டும்' என்பது தெரிந்த விஷயம், அது அம்மாவிடம் பத்திரமாக இருக்கும். 'இன்று போட்டேன்' என்பது சம்பவம். அதுதான் நழுவுகிறது.

அப்புறம், நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். தினமும் ஒரே நேரம், ஒரே டம்ளர், ஒரே மாத்திரை என்றால் நேற்றையதும் இன்றையதும் ஒன்றோடொன்று குழம்புவது 40 வயதுக்காரருக்கும் நடக்கும். ஆகவே மாத்திரையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். அரை மணி நேரத்துக்குள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறாரா, தெரிந்த தெருவில் வழி தவறுகிறாரா, கடையில் சில்லறை எண்ணத் தடுமாறுகிறாரா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஹிப்போகாம்பஸ் ஒன்று, அதனால் இந்தச் சந்தேகத்தை ஒதுக்க முடியாது. ஆனால் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மருந்துகள் இவற்றாலும் இதே மாதிரி ஆகும், இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், காதில் விழாத பேச்சு நினைவில் ஏறாது. வயசானால் அப்படித்தான் என்று வீட்டில் பேசிக்கொண்டே இரண்டு வருஷத்தைக் கழித்துவிடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும்.

அதுவரைக்கும், கிழமை எழுதிய ஏழு அறை மாத்திரை டப்பா ஒன்று வாங்கிக் கொடுங்கள், அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. "ஞாபகம் இல்லையா? நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று மட்டும் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். பதியாத ஒன்றை யோசித்து எடுக்க முடியாது. அந்தக் கேள்வி அவரைப் பயமுறுத்துவதற்குத்தான் உதவும்.

கேள்வி: 2005 ஜூலை 26 வெள்ளத்தில் குர்லாவிலிருந்து சயான் வரை இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தோம், நானும் என் அண்ணனும். வழியில் ஸ்கூல் யூனிஃபார்மில் அழுதுகொண்டிருந்த ஒரு பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது நான். அண்ணன், தூக்கியது அவன்தான் என்று 20 வருஷமாகச் சொல்கிறான். போன தீபாவளிக்கு எல்லார் முன்னாலும் என்னைப் பொய்யன் என்றுவிட்டான். இப்போது பேச்சுவார்த்தை இல்லை. இதற்கு என்ன மருந்து?
– மாட்டுங்கா வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது, ரயில் இல்லை, மித்தி ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. அந்த நாளை மறந்த மும்பைக்காரர் கிடையாது. நமக்குச் சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. மறக்க முடியாத நாளாக இருப்பதால், அதில் நினைவு வருவதெல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையே, செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை வருஷம் கழித்து அதே ஆட்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார். கால்வாசிப் பேர் சொன்னதில் முக்கியமான ஒரு விவரம்கூட அவர்களே எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் தங்கள் ஞாபகம் சரி என்ற நம்பிக்கை மட்டும் பலருக்குக் கெட்டியாக இருந்தது. அவர்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை, புதியதுதான் நின்றது.

நினைவுக்குள் வீடியோ கேசட் எதுவும் இல்லை. ஒரு சம்பவத்தை நினைக்கும் ஒவ்வொரு முறையும் மூளை அங்கங்கே மிச்சமிருக்கும் துண்டுகளை எடுத்து, இப்படித்தான் இருந்திருக்கும் என்று தனக்குத் தெரிந்ததை இட்டு நிரப்பி, ஒரு முழுக் கதையாகக் கட்டுகிறது. கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-லேயே இதை எழுதினார். கட்டும்போது அக்கம்பக்கத்துச் செங்கல்லும் உள்ளே வந்துவிடும். எலிசபெத் லாஃப்டஸ் 1974-ல் ஒரு கார் விபத்துப் படத்தைப் போட்டுக் காட்டி, கார்கள் 'தொட்டுக்கொண்டபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார். பார்த்தது ஒரே படம்தான். முதல் கூட்டம் சராசரியாக மணிக்கு ஏறக்குறைய 32 மைல் என்றது, இரண்டாவது கூட்டம் 40 மைலுக்கும் மேல் என்றது. வேறு ஆட்களை வைத்து அவர் செய்த இதேபோன்ற இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, 'நொறுங்கிய' கேள்வி கேட்கப்பட்டவர்களில் 32 சதவீதம் பேர் உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகவும் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு வார்த்தைக்கே இவ்வளவு பலம் என்றால், 20 வருஷம் வீட்டில் திரும்பத் திரும்பப் பேசப்பட்ட கதைக்கு எவ்வளவு இருக்கும்!

உங்கள் இருவர் விஷயத்துக்கு அப்படியே பொருந்துகிற ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. 2001-ல் வெளியான அது இரட்டையர்களைப் பற்றியது. சிறுவயதில் ஒருவருக்கு நடந்த சம்பவத்தை 'அது எனக்குத்தான் நடந்தது' என்று இருவருமே உறுதியாகச் சொல்வது அவர்களிடம் சர்வசாதாரணமாக இருந்தது. ஒரே வயதை ஒட்டிய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளிடமும் அது தென்பட்டது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நீங்கள் இருவரும் ஒரே தண்ணீரில் நடந்தீர்கள், அந்தப் பையனின் முகத்தை இருவரும் பக்கத்தில் பார்த்தீர்கள், அவன் அழுததை இருவரும் கேட்டீர்கள். ஒரு விஷயம் நினைவில் தங்கும், அது எங்கிருந்து வந்தது, பார்த்ததா, செய்ததா, பிறர் சொல்லிக் கேட்டதா என்ற சீட்டு அதைவிடச் சீக்கிரம் உதிர்ந்துவிடும். யார் தோள் என்பது அந்தச் சீட்டில்தான் எழுதியிருந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறீர்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி இருவருமே தூக்கியிருக்கவும் இடம் இருக்கிறது.

அன்று நான் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்தேன், தண்ணீரில் டீசல் வாடை அடித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு யோசித்தேன். மூன்றாவது மாடிக்கு அந்த வாடை வந்ததா, இல்லை, மறுநாள் கீழே இறங்கியபோது அடித்ததா? என்னால் சொல்ல முடியவில்லை. அண்ணன் பொய் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. அவருக்கு ஒரு போன் போடுங்கள், யார் தூக்கியது என்பதை விட்டுவிட்டு அந்தப் பையனை எங்கே இறக்கிவிட்டீர்கள், யார் வந்து கூட்டிப் போனார்கள் என்று கேட்டுப்பாருங்கள். உங்களிடம் இல்லாத துண்டு அவரிடம் இருக்கலாம்.

கேள்வி: முகம் பார்த்தால் அடையாளம் தெரிகிறது, பெயர் மட்டும் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. 52 வயது. பயப்பட வேண்டுமா?
– முலுண்ட் வாசகி

பதில்: வேண்டாம். அடையாளம் காண்பது சுலபம், தானாக எடுப்பது கஷ்டம், எல்லா வயதிலும் அப்படித்தான். ஹாரி பாரிக் 1975-ல் ஏறக்குறைய 400 பேரிடம் அவர்களுடைய பள்ளி ஆண்டு மலர்களை வைத்துச் சோதித்தார். 35 வருஷம் கழிந்தும் வகுப்புத் தோழர்களின் முகங்களில் பத்துக்கு ஒன்பதை அவர்கள் சரியாக அடையாளம் கண்டார்கள், ஆனால் பெயர்களை யார் உதவியும் இல்லாமல் சொல்லச் சொன்னபோது திணறினார்கள். ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பதைப் பிடித்துக்கொள்ள நம்மிடம் ஏற்கெனவே ஆயிரம் கொக்கி உண்டு. பெயருக்குக் கொக்கி இல்லை. பூக்காரர் என்றால் மாட்டுங்கா மார்க்கெட் வாசனைவரை ஞாபகம் வரும், ரமேஷ் என்றால் என்ன வரும்? அறிமுகமாகும்போதே பெயரை ஒருமுறை வாயால் சொல்லிப் பேசுங்கள், வீட்டுக்குப் போய் இன்னொரு முறை நினைத்துப்பாருங்கள், கணிசமாகக் குறையும்.

கேள்வி: டோம்பிவ்லியிலிருந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷன் பக்கம் காலேஜுக்குப் போகிறேன். லோக்கலில் போக வர இரண்டரை மணி நேரம் படிப்புதான். கோடு போட்டுப் போட்டு மூன்று தடவை, நான்கு தடவை படிக்கிறேன், எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. எக்ஸாம் ஹாலில் பக்கம் கண்ணில் தெரிகிறது, எழுத்து வரவில்லை. ரயிலில் படித்தால் ரயிலில்தான் ஞாபகம் வருமோ?
– டோம்பிவ்லி வாசகி, வயது 19

பதில்: ரயில் மேல் பழி போடாதே அம்மா. கடலுக்கடியில் கற்ற சொற்கள் கடலுக்கடியில்தான் நன்றாக நினைவு வருகின்றன என்று 1975-ல் ஸ்காட்லாந்தில் முக்குளிப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், எல்லாப் பாடப்புத்தகத்திலும் அது இருக்கிறது. 2021-ல் திருப்பிச் செய்தபோது அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. உன் பிரச்சினை வேறு. 'தெரிந்த மாதிரி இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாயே, அதுதான். மூன்றாவது தடவை படிக்கும்போது பக்கம் பழக்கமாகிவிடுகிறது, அந்தப் பழக்கத்தை ஞாபகம் என்று எடுத்துக்கொள்கிறாய். பரீட்சையில் பக்கத்தை அடையாளம் காட்டச் சொல்வதில்லை, இல்லாத பக்கத்தை எடுத்து எழுதச் சொல்கிறார்கள். எடுப்பதற்கு நீ ஒரு நாளும் பழகவில்லை.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் இதை அழகாகக் காட்டினார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தி. ஒரு கூட்டம் அதை நான்கு தடவை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே தடவை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருப்பதை எழுதியது, அப்படி மூன்று முறை. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் நான்கு தடவை படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்துப் படித்துப் பார்த்தவர்களுக்கு 40 சதவீதம் நின்றது, மூடி வைத்து எழுதியவர்களுக்கு 61 சதவீதம். இதைவிட மலிவான டியூஷன் கிடையாது. நினைவிலிருந்து ஒன்றை எடுப்பது, அடுத்த தடவை எடுக்கும் பாதையை அகலப்படுத்துகிறது, எடுக்கத் திணறினாலும்கூட, திணறிய பிறகு விடையைப் பார்த்துக்கொண்டால் போதும். நான் வகுப்பில் கத்திச் சொன்னதை எல்லாம்விட வாராவாரம் வைத்த பத்து மதிப்பெண் குட்டித் தேர்வுதான் பிள்ளைகளுக்கு உதவியது என்பதை வருஷங்கள் கழித்துத்தான் உணர்ந்தேன்.

ஆகவே இப்படிச் செய். டோம்பிவ்லியில் ஏறியதும் படி. தாணா வந்ததும் புத்தகத்தை மூடு. காட்கோபர் வரைக்கும் படித்ததை மனதுக்குள் யாருக்கோ சொல்லிக்கொடுப்பதுபோலச் சொல்லு, 'ஏன்', 'அப்புறம் என்ன ஆகும்' என்று நீயே கேட்டுக்கொள். பொருள் புரிந்து முடிச்சுப்போட்ட விஷயம்தான் ஆழமாக இறங்கும், வெறும் எழுத்தாகப் பார்த்தது இறங்காது. குர்லாவில் புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைப் பார். கூட்டத்தில் நின்றுகொண்டு வந்தாலும் இதைச் செய்யலாம், கை தேவையில்லை.

அடுத்தது இடைவெளி. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். திரும்பக் கற்கும்போது மிச்சமாகும் உழைப்பை வைத்துப் பார்த்தால் 20 நிமிஷத்தில் 58 சதவீதம் மிஞ்சியது, ஒரு நாளில் 34 ஆனது, ஒரு மாதம் கழித்தும் 21 இருந்தது. வேகமாகச் சரிந்து, பிறகு மெதுவாகும். அந்தச் சரிவில் நாளை ஒரு முறை, நான்கு நாள் கழித்து ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை கை கொடுத்துத் தூக்கினால் போதும். ஒரே ராத்திரியில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட அந்த ஐந்து மணியைப் பிரித்து உட்காருவது நிச்சயமாக நல்லது. தூக்கத்தையும் வெட்டாதே, பகலில் படித்தது நிலைப்படும் வேலையில் பெரிய பங்கு தூக்கத்தில் நடக்கிறது.

கேள்வி: ஆறு வயது மகனுக்கு 'மெமரி கிளாஸ்' சேர்க்கச் சொல்கிறார்கள். 50 எண்களை ஒப்பிக்க வைக்கிறார்கள். சேர்த்தால் பள்ளிப் பாடமும் நன்றாக வருமா?
– செம்பூர் வாசகி

பதில்: எண்களை ஒப்பிப்பது நன்றாக வரும். நினைவாற்றல் தண்டால் எடுத்தால் மொத்தமாகப் பெருக்கிற தசை மாதிரி கிடையாது. எரிக்சன், சேஸ் இருவரும் 1980-ல் ஒரு கல்லூரி மாணவருக்கு 230 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுத்தார்கள். தொடக்கத்தில் ஏழு எண் திருப்பிச் சொன்னவர் கடைசியில் 79 எண் சொன்னார். எப்படி? அவர் ஓட்டப்பந்தயக்காரர். 3492 என்று காதில் விழுந்தால் அதை 3 நிமிஷம் 49.2 விநாடி என்று ஒரு மைல் ஓட்டத்தின் நேரமாக மாற்றிக்கொண்டார். நீண்ட கால நினைவில் ஓட்டத்தைப் பற்றி ஏராளம் இருந்தது, அதில் எண்களைக் கோத்தார். எண்ணுக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னபோது பழையபடி ஆறோடு நின்றுவிட்டார். இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்து சதாவதானி ஆனார் என்றால், அதற்குப் பின்னால் ஒரு வாழ்நாள் தமிழ்ப் புலமை இருந்தது.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது என் எண்ணம். எதுகையும் மோனையும் காதுக்கு இனிமை மட்டும் தரவில்லை, அடுத்த அடியின் தொடக்கத்தில் இந்த ஒலிதான் வரும் என்று குறிப்பும் கொடுக்கின்றன. அந்தாதியில் ஒரு பாட்டு முடியும் சொல்லே அடுத்த பாட்டுக்குத் தொடக்கம், அதனால் நூறு பாட்டும் ஒன்றை இழுத்தால் ஒன்று வரும். லோக்கலில் தினம் போகிறவரிடம் தாதருக்குப் பிறகு வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள், மாட்டுங்கா, சயான், குர்லா, வித்யாவிகார் என்று மூச்சு விடாமல் வரும். தலைகீழாகக் கேட்டால் அதே ஆள் தயங்குவார். மகனுக்கு அந்தப் பணத்தில் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். படித்த கதையை ராத்திரி உங்களுக்குச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தெரிந்தது கூடக் கூடப் புதியது ஒட்டிக்கொள்ள இடமும் கூடும்.

கேள்வி: (இது ஆங்கில எழுத்தில் தமிழாக வந்தது, தமிழ் எழுத்துக்கு நான் மாற்றியிருக்கிறேன்.) தாராவியில் மாநகராட்சி தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை படித்தேன். அப்புறம் இங்கிலீஷ் மீடியம். இப்போது வயது 34. தமிழ் பேசுவேன், படிக்க மறந்துபோச்சு. ஊரிலிருந்து தாத்தா அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கு, அப்பா போய்ட்டார், படித்துச் சொல்ல ஆள் இல்லை. இனிமே கத்துக்க முடியுமா?
– பாண்டுப் வாசகி

பதில்: முடியும். 'இனிமே கற்றுக்கொள்வது' என்று நீங்கள் நினைப்பதில் பாதி வேலை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது.

மேலே சொன்ன எபிங்ஹவுஸ், இளவயதில் மனப்பாடம் செய்த ஓர் ஆங்கிலக் கவிதையின் பத்திகளை 22 வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தார். ஒரு வரிகூட நினைவில் இல்லை. ஆனால் திரும்ப மனப்பாடம் செய்தபோது, அதுவரை பார்க்காத பத்திகளைவிட அவை சீக்கிரம் வந்தன. சுத்தமாக மறந்துபோனது என்று நினைத்ததற்கு அடியில் ஏதோ இருந்திருக்கிறது. பாரிக் 1984-ல் பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிஷ் படித்துவிட்டுப் பிறகு தொடாமல் விட்ட 700-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார். முதல் சில வருஷம் வேகமாகப் போனது. ஐந்தாறு வருஷத்தைத் தாண்டி நின்றது அப்புறம் 25, 30 வருஷம் கிட்டத்தட்ட அசையவில்லை.

உங்களிடம் தமிழ் நான்கு வருஷம் கையெழுத்தாக இருந்திருக்கிறது, பேச்சாக இன்னும் இருக்கிறது. 247 எழுத்தையும் அட்டையில் போட்டு மலைக்காதீர்கள், 12 உயிரும் ஓர் ஆய்தமும் 18 மெய்யும் உயிர்மெய்க் குறிகளும் பிடிபட்டால் மீதி எல்லாம் சேர்க்கைதான். தாராவி 90 அடி சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து கடைப் பலகைகளைப் படிக்க முயலுங்கள், பல இடத்தில் தமிழும் பக்கத்திலேயே வேறு எழுத்தும் இருக்கும். தமிழை முதலில் படித்து, வாயால் சொல்லி, பிறகு அடுத்ததைப் பார்த்துச் சரிபாருங்கள். 'ண' எது 'ன' எது என்று முதல் வாரம் குழம்பும். திடீரென்று ஒரு எழுத்தைக் கை தானாகச் சுழித்து எழுதும், அந்த டீச்சர் கையைப் பிடித்து எழுத வைத்ததுகூட நினைவுக்கு வரலாம்.

தாத்தாவின் கடிதத்தை முதலில் எடுக்காதீர்கள், அந்தக் காலத்துக் கையெழுத்து கூட்டெழுத்தாக இருக்கும், 'லை', 'னை', 'றா' எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும், 1978 சீர்திருத்தத்துக்கு முந்தையதென்றால் மனம் சோர்ந்துபோகும். ஒரு மாதம் அச்சு எழுத்தில் பழகிவிட்டுக் கடிதத்துக்கு வாருங்கள். 'அன்புள்ள மகனுக்கு', 'நலம், நலமறிய ஆவல்' என்று எல்லாக் கடிதத்திலும் ஒரே மாதிரி வரும் வரிகளிலிருந்து தொடங்கினால் அவருடைய கை எப்படி ஓடும் என்பது பிடிபட்டுவிடும். பிடிபடாத வரி இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், இரண்டு பேருமாகப் படிப்போம். கூடவே ஒரு வரி உங்கள் கையால் தமிழில் எழுதி அனுப்புங்கள், பிழை இருந்தால் இருக்கட்டும்.